வயற்கொட்டிலுக்கும் வாடிக்கும் ஏற்ற பற்றரி எது?

காலபோக அறுவடை முடிந்த கையோடு நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு கமக்காரர் எம்மிடம் வந்தார். உழவு இயந்திரப் பெட்டிக்குள் இருந்து ஒரு பற்றரியை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து விறாந்தையில் வைத்தார். “பாதர், நாலு வருசத்தில இது மூண்டாவது. கடைக்காரர் ஏமாத்தினமோ, நான்தான் பிழை விடுறனோ தெரியேல்லை” என்றார். இரண்டாவது பற்றரி வாங்குவதற்கு மனைவியின் சங்கிலி அடைவுக்குப் போயிருந்தது. மூன்றாவதை மாதத் தவணையில் எடுத்திருந்தார். பற்றரி வேலை செய்யவில்லை. தவணை மட்டும் இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

அவருடைய வயல் காட்டோரம். விதைப்பு முடிந்து பயிர் குடலை கொள்ளத் தொடங்கினால் யானையும் பன்றியும் இரவிரவாக வரும். கொட்டில் போட்டால் மழைக்குச் சேறாகிறது என்பதால் உழவு இயந்திரப் பெட்டியையே கொட்டிலாக மாற்றியிருக்கிறார். நாலு குழாயை வளைத்துத் தறப்பாள் கட்டி, உள்ளே பலகை போட்டு, கார்த்திகை தொடக்கம் அறுவடை வரை அதிலேதான் இரவு. இரண்டு விளக்கு, ஒரு வானொலி, அடுத்த கொட்டிலில் இருப்பவரைக் கூப்பிட ஒரு கைத்தொலைபேசி. இவ்வளவுக்கும் ஒரே பற்றரி. வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் சின்ன வீட்டைக் கொழுவி இழுத்துக்கொண்டு மக்கள் விடுமுறைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நடுக்காட்டில் விளக்கு அணைந்தால் அன்றைய பொழுதுபோக்கு கெடும். எமது கமக்காரருக்கு விளக்கு அணைந்தால் ஒரு போகத்து நெல் போகும், சில வேளை உயிரும் போகும். ஆயினும் இருவருடைய பற்றரியும் ஒரே விதமான வேலையைத்தான் செய்கிறது, ஒரே விதமான காரணங்களால்தான் கெட்டுப்போகிறது. நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் பருவத்துக்கு வாடி அமைத்துத் தொழில் செய்வோரின் பற்றரிக்கும் இதே கதைதான்.

எமது மக்களுக்குப் பற்றரி புதிய பொருளல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர், மின்சாரம் இருந்த இடங்களிலும் அது இல்லாமற் போயிற்று. பொருளாதாரத் தடைப் பட்டியலில் சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் எண்ணெயும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். 2002 ஜனவரியில் தடை தளர்த்தப்படும் வரை ஒரு வாகனப் பற்றரி வைத்திருந்த வீட்டுக்கு ஊரில் ஒரு தனி மதிப்பு இருந்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் குடும்பங்கள் உழவு இயந்திரப் பெட்டிகளிலேயே ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, அரிசி மூட்டைக்கும் கிணற்று வாளிக்கும் நடுவே அந்தப் பழைய பற்றரியும் ஏறியிருந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

அந்தக் காலத்தில் எமக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. கிடைத்த பற்றரியை, அது எந்த இனமாயினும், விளக்கு சிவந்து மங்கும் வரை பாவிப்பது. பிறகு ஜெனரேற்றர் ஓடும் இடத்துக்குச் சைக்கிள் கரியலில் கட்டிச் சென்று இரண்டு மூன்று மணித்தியாலம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது. வேறு வழியில்லாத காலத்தில் அது கெட்டித்தனம். இன்று அந்தப் பழக்கம்தான் பற்றரிகளைக் கொன்றுகொண்டிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

சவாரி மாடும் உழவு மாடும்

ஈயமும் அமிலமும் கொண்ட பற்றரியை 1859 இல் பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளான்ரே உருவாக்கினார். இன்று நாம் வாங்கும் ஈயப் பற்றரியின் உள்ளடக்கம் அதுவேதான். ஆனால் ஒரே சரக்கைக் கொண்டு இரண்டு வகையாகப் பற்றரி செய்யலாம்.

வாகனத்தை ஸ்ராட் பண்ணும் பற்றரியில் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகமானவை. சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு, உடனே வாகனத்தின் ஓல்ரனேற்றரிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வது அதன் வேலை. அதன் கொள்ளளவில் மிகச் சிறு பங்குதான் ஒரு தடவையில் செலவாகிறது. மற்ற வகை, ஆழமாக வெறுமையாக்கிப் பாவிப்பதற்கென்றே தடித்த தகடுகளோடு செய்யப்பட்டது. கடைகளில் இதை ‘டீப் சைக்கிள்’ என்றும் ‘சோலார் பற்றரி’ என்றும் சொல்வார்கள். அது அவசரப்பட்டு அள்ளிக் கொடுக்காது. ஆனால் இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். மறுநாள் நிரப்பினால் மறுபடியும் கொடுக்கும்.

சவாரி மாட்டையும் உழவு மாட்டையும் அறிந்த எமது மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சவாரிக்கு வளர்த்த மாட்டைச் சேற்றில் இறக்கினால் என்ன நடக்குமோ, வாகனப் பற்றரியைக் கொட்டிலுக்குக் கொண்டுபோனால் அதுதான் நடக்கும். ஒவ்வொரு இரவும் அரைவாசிக்குக் கீழே இறக்கப்படும் வாகனப் பற்றரி சில பத்துத் தடவைகளிலேயே களைத்துவிடும். நல்ல டீப் சைக்கிள் பற்றரியோ அரைவாசி வரை மட்டும் இறக்கி நிரப்பி வந்தால் பல நூறு தடவைகள் தாங்கும்.

இந்தப் பாடத்தை நாமும் நட்டப்பட்டுத்தான் கற்றோம். மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மாலை வகுப்புகளுக்கும் காவற்கொட்டில்களுக்கும் என எட்டுப் பற்றரிகளைக் கொள்வனவு செய்து விநியோகித்தோம். விலை மலிவு, உடனே கிடைத்தது, எட்டும் புத்தம் புதியவை. அவை வாகனப் பற்றரிகள் என்பதை ஒருவரும் கேட்கவில்லை, நாமும் யோசிக்கவில்லை. பத்து மாதத்துக்குள் ஆறு திரும்பி வந்தன. பயனாளிகள் கவனமில்லாமல் பாவித்தார்கள் என்று அறிக்கையில் எழுதினோம். அந்த வசனத்தை இன்று நினைத்தாலும் எமக்கு வெட்கமாக இருக்கிறது.

கடையில் எப்படி இனங்காண்பது? வாகனப் பற்றரியின் மேலே ஸ்ராட் பண்ணும் வலுவை, நூற்றுக்கணக்கான அம்பியர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். டீப் சைக்கிள் பற்றரியில் ‘அம்பியர் மணி’ என்ற அளவும், அது 20 மணித்தியாலத்துக்குரியதா 10 மணித்தியாலத்துக்குரியதா என்பதும் இருக்கும். 20 மணித்தியாலக் கணக்கில் 100 அம்பியர் மணி என்றால், 5 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம் தரும் என்பது பொருள். 20 அம்பியர் வீதம் 5 மணித்தியாலம் கேட்டால் அவ்வளவு தராது. இந்த விபரம் ஒன்றுமே இல்லாமல் ‘சோலார்’ என்ற ஸ்ரிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் ஐயப்படுங்கள். கையால் தூக்கிப் பாருங்கள்: ஒரே அம்பியர் மணி சொல்லும் இரண்டு ஈயப் பற்றரிகளில் பாரம் குறைந்ததில் ஈயமும் குறைவு. உற்பத்தித் திகதியையும் கேளுங்கள். கடை அலுமாரியில் ஒரு வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது புதிய பற்றரி அல்ல.

வீடுகளில் இன்வேட்டருக்குப் பாவிக்கும் உயரமான குழாய்த் தகட்டுப் பற்றரிகள் நல்லவை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களுக்குப் பிறகு அவற்றைத் தெரியாதவர்கள் இல்லை. நிலையான கொட்டிலுக்கும் வாடிக்கும் அவற்றைச் சிபார்சு செய்வோம். ஆனால் வரம்பிலும் பள்ளத்திலும் துள்ளிப் போகும் பெட்டிக்குள் அமிலம் தளம்பி வெளியே வரும். பெட்டியோடு பயணிக்கும் பற்றரி மூடி முத்திரையிட்ட வகையாக இருப்பது நல்லது. அதற்குத் தண்ணீர் விடவேண்டியதில்லை. ஆனால் அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்து வற்றவிட்டால் திருத்தவும் முடியாது.

எவ்வளவு பெரிது வேண்டும்?

இதற்குப் பொறியியலாளர் தேவையில்லை, கொப்பியும் பென்சிலும் போதும். எமது கமக்காரரின் கணக்கையே பார்ப்போம். 5 வாற்று எல்.ஈ.டி. குமிழ் இரண்டு, இரவில் 6 மணித்தியாலம்: 60 வாற்று மணி. 3 வாற்று வானொலி 5 மணித்தியாலம்: 15. கைத்தொலைபேசி இரண்டைச் சார்ஜ் பண்ண ஏறத்தாழ 20. கூட்டினால் 95, 100 என்று வைத்துக்கொள்வோம். அதை 12 வோல்ற்றால் பிரித்தால் ஒரு நாளுக்கு 8 அம்பியர் மணிக்குச் சற்று அதிகம். மார்கழி மழையில் தொடர்ந்து மூன்று நாள் சூரியனைக் காணாவிட்டால் 25 அம்பியர் மணி வேண்டும். அது பற்றரியின் அரைவாசிக்கு மேல் போகக்கூடாது. எனவே 50, சற்று மிச்சம் விட்டு 60 அம்பியர் மணிப் பற்றரி. மழைகாலத்தில் நாளொன்றுக்கு மூன்று மணித்தியால நல்ல வெயில்தான் என்று கணக்கிட்டு, இழப்புகளையும் கழித்தால் 50 அல்லது 60 வாற்று சோலார் பனல் ஒன்று போதும்.

அவர் 100 அம்பியர் மணி வாங்கியிருந்தார், பனல் வாங்கவில்லை. பெரிய பற்றரி வாங்கினால் அதிக நாள் எரியும் என்பது அவர் எண்ணம். ஆனால் பற்றரி ஒரு குளம் மாதிரி. வாய்க்கால் இல்லாத பெரிய குளத்தைவிட வாய்க்கால் உள்ள சின்னக் குளம் பயனுடையது. இளைஞர்கள் சிலர் கொட்டிலுக்கு ரி.வி.யும் காற்றாடியும் கேட்கிறார்கள். 40 வாற்று ரி.வி. நாலு மணித்தியாலம் ஓடினால் 160 வாற்று மணி, அதாவது மேலே சொன்ன அனைத்தையும் விட அதிகம். வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? கணக்கைப் பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

உழவு இயந்திரத்திலிருந்து வரும் வயர்

இனி அந்த மூன்று பற்றரிகளும் ஏன் செத்தன என்ற விடயத்துக்கு வருவோம். அவர் சொன்னார்: “பாதர், மெசின் ஓடேக்க சார்ஜ் ஏறுது. வயர் குடுத்து வைச்சிருக்கிறன்.” போய்ப் பார்த்தோம். உழவு இயந்திரத்தின் பற்றரியிலிருந்து பெட்டியின் பின்பக்கம் வரை 6 மீற்றர் வயர். வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். திரும்பும் பாதையோடு சேர்த்து மின்சாரம் 12 மீற்றர் பயணம் செய்கிறது. அந்த வயரில் 10 அம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1.4 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். ஓல்ரனேற்றர் 14.2 வோல்ற்றுக் கொடுத்தாலும் பற்றரிக்கு வந்து சேர்வது 12.8 தான். ஈயப் பற்றரி முழுமையாக நிரம்புவதற்கு 14.4 வோல்ற்று அளவில் வேண்டும். மின்னோட்டம் குறையக் குறைய இழப்பும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பல மணித்தியாலம் இயந்திரம் ஓடவேண்டும். காவற்காலத்தில் உழவு இயந்திரம் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது ஓடினால் பெரிய விடயம்.

இன்னொன்றையும் கண்டோம். மறைப் பக்கத்துக்கு அவர் வயரே போடவில்லை. இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கும் கொழுக்கியும் கம்பியுமே அந்த வேலையைச் செய்தன. துருவும் சேறும் கிறீசும் பிடித்த கொழுக்கி ஊடாக எவ்வளவு மின்சாரம் வரும்? பெட்டி ஒவ்வொரு தடவை துள்ளும்போதும் தொடுப்பு விட்டுவிட்டுப் போகிறது.

ஆகவே அவருடைய பற்றரி நான்கு மாதமும் ஒரு நாளாவது முழுதாக நிரம்பியதில்லை. இதுதான் கொலைகாரன். மின்சாரம் செலவாகும்போது தகடுகளில் ஈய சல்பேற்று படிகிறது. உடனே நிரப்பினால் அது கரைந்து திரும்பிவிடும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பளிங்காக இறுகிவிடும். இறுகிய இடம் பிறகு வேலை செய்யாது. பற்றரி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சுருங்குகிறது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பரிகாரம் எளிது. 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இரண்டு, நேருக்கும் மறைக்கும் தனித்தனியாக, கொழுக்கியை நம்பாமல். அப்போது அதே 10 அம்பியருக்கு இழப்பு 0.35 வோல்ற்றுக்குள் நிற்கும். நேர் வயரில், பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பியூஸ். தறப்பாளும் வைக்கோலும் உள்ள இடத்தில் பியூஸ் இல்லாமல் வயர் இழுப்பது படுக்கைக்கு அடியில் நெருப்புக்கொள்ளி வைப்பது போன்றது. இயந்திரத்தை நிறுத்தியதும் இணைப்பைக் கழற்றிவிடவேண்டும். அல்லது தானாகப் பிரிக்கும் ஒரு றிலே போடவேண்டும். இல்லாவிட்டால் இரவு விளக்கு எரிந்து இயந்திரத்தின் பற்றரியும் இறங்கிவிடும். யானை வந்து நிற்கும் நேரத்தில் உழவு இயந்திரம் ஸ்ராட் ஆகாது.

எனினும் உழவு இயந்திரத்தை மட்டும் நம்பவேண்டாம் என்பதே எமது எண்ணம். கடைசி ஐந்திலொரு பங்கை நிரப்புவதற்கு முதல் பெரும் பங்குக்குச் செலவான அளவு நேரமாவது தேவைப்படும். அந்தப் பொறுமை டீசல் இயந்திரத்துக்கு இல்லை, சூரியனுக்கு இருக்கிறது. தறப்பாளுக்கு மேல் கட்டிய சின்னப் பனல் பகல் முழுதும் மெதுவாக ஏற்றிக்கொண்டே இருக்கும். பனலுக்கும் பற்றரிக்கும் நடுவே சார்ஜ் கொன்றோலர் கட்டாயம். அதில் பற்றரியின் இனத்தைச் சரியாகத் தெரிவு செய்யவேண்டும். நிரம்பிய பின் அது 13.5 அல்லது 13.8 வோல்ற்றுக்கு இறங்கவேண்டும். எமது பங்குனி, சித்திரை வெயிலில் இந்த அளவுகளை 0.2 வோல்ற்று அளவில் குறைப்பது நல்லது. வெப்பமானியுள்ள கொன்றோலர் அதைத் தானே செய்யும். பற்றரியைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். 25 பாகை வெப்பத்தில் நான்கு வருடம் வாழும் பற்றரி 35 பாகையில் இரண்டு வருடம்தான் வாழும்.

கடைகளில் சார்ஜுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல். பற்றரியின் அம்பியர் மணியில் பத்திலொரு பங்குதான் பொருத்தமான மின்னோட்டம்: 60 இற்கு 6 அம்பியர். இரண்டு மணித்தியாலத்தில் ஏற்றித் தருகிறோம் என்று சொன்னால், பற்றரி சூடேறுவதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். சார்ஜரைக் கழற்றிய உடனே மீற்றரில் 13 காட்டினால் நம்பாதீர்கள். சில மணித்தியாலம் ஒன்றும் எரிக்காமல் வைத்துவிட்டுப் பாருங்கள். 12.6, 12.7 என்றால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் அரைவாசி. 12 இற்குக் கீழே என்றால் அன்றே சார்ஜில் போடவேண்டும், நாளைக்கல்ல. ஒரு மலிவான மல்ரிமீற்றரை நாலைந்து கொட்டிலுக்குப் பொதுவாக, கமக்காரர் அமைப்பே வாங்கி வைக்கலாம்.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்

மூடியுள்ள பற்றரிக்குத் தண்ணீர் விடுவதில் எமது பகுதியில் நடக்கும் பிழை பெரியது. வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது. தேநீர்க் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா அம்மாமாரும் அறிவார்கள். அந்தப் படிவு பற்றரிக்குள் போனால் சுரண்டி எடுக்க முடியாது. காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விடுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீர் அதுவல்ல, கொதிக்கவைப்பதால் உப்பு போகாது. அமிலம் ஒருபோதும் விடவேண்டாம். குறைந்தது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. தகடு வெளியே தெரிந்தால் மூடுமளவுக்கு மட்டும் விட்டுச் சார்ஜ் செய்து, நிரம்பிய பின்னரே குறிப்பிட்ட மட்டத்துக்கு விடவேண்டும். முதலிலேயே வாய் வரை விட்டால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். குப்பி விளக்கைக் கொண்டுபோய் மூடிக்குள் எட்டிப் பார்ப்பதை நாம் ஒரு தடவை கண்டு, கத்திக்கொண்டு ஓடியிருக்கிறோம். அமிலம் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். முனைகளில் பூக்கும் வெள்ளைப் பச்சைப் பொருளை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வஸ்லீன் பூசிவிடுங்கள். கடற்கரை வாடிகளில் இதை மாதம் ஒரு முறையாவது செய்யவேண்டும். உப்புக் காற்றுக்குச் செப்பு வயர் உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போகும்.

இரண்டு போகங்களுக்கு நடுவே

அறுவடை முடிந்ததும் பற்றரி எங்கே போகிறது? பெரும்பாலும் மாட்டுக்கொட்டிலின் மூலைக்கு, அரைவாசி இறங்கிய நிலையில். ஈயப் பற்றரி சும்மா இருந்தாலும் மாதாமாதம் சில வீதம் இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. புரட்டாதியில் எடுத்துப் பார்த்தால் செத்திருக்கும். பாவனையில் செத்தவற்றைவிட ஓய்வில் செத்தவையே அதிகம் என்பது எமது அனுபவம். வைக்குமுன் முழுதாக நிரப்பி, வயர்களைக் கழற்றி, நிழலில் வைத்து, மாதம் ஒரு தடவை சார்ஜில் போடுங்கள். சீமெந்து நிலத்தில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று பலர் நம்புகிறார்கள். பழைய காலத்து மரப்பெட்டிப் பற்றரிகளோடு வந்த கதை அது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

இந்த விடயம் யானை வேலிக்கு மிக முக்கியம். வனவிலங்கு ஆய்வாளர் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய நிறுவனமும், வயலைச் சுற்றிப் பயிர்க்காலத்துக்கு மட்டும் மின்வேலி கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கும் முறையை இலங்கையில் முன்னெடுத்து வந்திருக்கிறார்கள். கமக்காரரே கட்டி, கமக்காரரே பராமரிக்கும் வேலி. அதன் இயந்திரம் 12 வோல்ற்றுப் பற்றரியில் ஓடி, விட்டுவிட்டு வரும் குறுகிய அதிர்ச்சியைக் கம்பிக்கு அனுப்புகிறது. யானை பயந்து விலகும், சாகாது. ஆனால் ஆறு மாதம் மூலையில் கிடந்த பற்றரியை மறுபோகத்தில் கொழுவினால் வேலி இரண்டு மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். யானை இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் எடுப்பதில்லை. அதன் பிறகுதான் ஆபத்தான யோசனை வருகிறது: வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேரே கொடுத்துவிடுவோம் என்று. அது சட்டவிரோதம். அதில் யானைகள் மட்டுமல்ல, விடியற்காலையில் வயலுக்குப் போன மனிதர்களும் இந்த நாட்டில் இறந்திருக்கிறார்கள். வேலிக்கென்று தனிப் பற்றரி வையுங்கள். அதில் விளக்கும் தொலைபேசியும் கொழுவ வேண்டாம்.

லிதியம் வாங்கலாமா?

வெளிநாட்டு உறவினர்கள் இப்போது லிதியம் வாங்கச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியில் எண்பது வீதத்தைத் தயங்காமல் பாவிக்கலாம். அரைகுறையாக நிரப்பினாலும் கெடாது. தண்ணீர் வேண்டாம். நல்ல தரமானது ஆயிரக்கணக்கான தடவைகள் தாங்கும். 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி 30 கிலோ அளவில் இருக்க, இது அதன் அரைவாசிப் பாரத்துக்கும் குறைவு. கணவன் இல்லாமல் தனியே வயல் செய்யும் எமது சகோதரிகளுக்கு இந்தப் பாரக் குறைவு சின்ன விடயமல்ல. அதன் கைநூலில் உறைபனியில் சார்ஜ் செய்ய வேண்டாம் என்று எச்சரித்திருப்பார்கள். வன்னியில் அந்தக் கவலை இல்லை.

ஆனால் முதற் செலவு அதிகம். உள்ளே இருக்கும் காவல் மின்சுற்று கெட்டால் ஊரில் திருத்துவோர் குறைவு. கொன்றோலரில் ஈயத்துக்குரிய அமைப்பை மாற்றாமல் விட்டால் பிரச்சினை வரும். சேமித்து வைக்கும்போது ஈயத்துக்கு நேர்மாறாக, அரைவாசி அளவில் வைப்பதே இதற்கு நல்லது. பெயர் விபரம் இல்லாத மலிவு லிதியத்தைவிட நல்ல ஈயப் பற்றரி மேல் என்பது எமது அபிப்பிராயம். வருடம் முழுவதும் பாவிக்கும் வாடிக்காரருக்கு லிதியம் கட்டுப்படியாகும். நாலு மாதம் மட்டும் பாவிப்பவர், அதுவும் வட்டிக்கு வாங்குபவர், ஒன்றுக்கு இரண்டு தடவை கணக்குப் பார்க்கவேண்டும். தவணைக் காலம் பற்றரியின் உத்தரவாதக் காலத்தைவிட நீண்டிருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள்.

செத்த ஈயப் பற்றரியை உடைத்து, வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள் கரையோரத்தில் இருக்கிறார்கள். அந்தப் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். செனகல் நாட்டில் டாக்கார் நகருக்கு அருகே தியாறோய் என்னும் இடத்தில், பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் பிரித்தெடுத்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறுவர்கள் இறந்தார்கள். பழையதை உடைக்காமல் முழுதாகவே கடையில் கொடுத்து, புதியதன் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

விறாந்தையில் இருந்த அந்தப் பற்றரியை நாம் மூன்று நாள் மெதுவான சார்ஜில் போட்டோம். அதுவும் ஒரு வாகனப் பற்றரிதான். மூன்றாம் நாள் இரவு ஒரு 5 வாற்றுக் குமிழைக் கொழுவி நேரம் குறித்ததில், புதிதாக இருந்தபோது தந்திருக்கக்கூடியதில் மூன்றிலொரு பங்கு மிச்சம் இருப்பது தெரிந்தது. தொலைபேசிக்கும் வானொலிக்கும் அது இன்னும் ஒரு போகம் காணும். புதுப் பற்றரிக்கு இன்னொரு கடன் எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம், இந்தப் போகத்துக்கு இரண்டு வயரும் ஒரு பியூசும் சின்னப் பனலும் வாங்குங்கள், பழைய தவணை முடிந்த பிறகு பற்றரியைப் பார்ப்போம் என்றோம். வயரின் அளவைச் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதி வாங்கிக்கொண்டார். பற்றரியைப் பெட்டியில் ஏற்றும்போது, தலைகீழாகச் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் உமி மூட்டை வைத்துக் கட்டினார்.